ராக்கெட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கு? பழவேற்காட்டுக் கரைக்கு ஒரு ‘கண்ணாடி’ மாடல்!

பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பம் கடற்கரையில் நின்று ராக்கெட் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் வெளிச்சம்தான் வரும். வடக்குத் திசையில் மரங்களுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி எழும்பும். பின்னால் வெள்ளைப் புகை வால் நீளும். சத்தம் மட்டும் இருக்காது. யாரோ டி.வி-யை மியூட்டில் போட்டதுபோல ராக்கெட் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, செல்போனில் வீடியோ எடுத்து முடித்து, கூட்டம் கலையலாமா என்று யோசிக்கும் நேரத்தில்தான் அந்த உறுமல் மெதுவாக வந்து சேரும்.

கணக்கு எளிமையானது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கும் பழவேற்காட்டுக்கும் நேர்கோட்டில் 35 கிலோமீட்டர் சொச்சம். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அப்படியானால் கிளம்பிய சத்தம் இங்கே வந்துசேர நூறு விநாடிக்கு மேல் ஆகும்.

அந்த நூறு விநாடிக்குள் ராக்கெட்டில் என்னவெல்லாம் நடந்து முடிந்திருக்கும் தெரியுமா? புறப்பட்டது, ஆறு பூஸ்டர்கள் கொண்ட பி.எஸ்.எல்.வி. எக்ஸ்.எல். ரகம் என்று வைத்துக்கொள்வோம். ஆறில் நான்கு பூஸ்டர்கள் தரையிலேயே பற்றவைக்கப்பட்டவை. மீதி இரண்டும் 25-வது விநாடியில் வானத்தில் பற்றிக்கொள்பவை. ஏறத்தாழ 70-வது விநாடியில் முதல் நான்கும், 92-வது விநாடியை ஒட்டி மற்ற இரண்டும் கழன்று கடலை நோக்கி விழத் தொடங்கியிருக்கும். புறப்பாட்டுச் சத்தம் பழவேற்காட்டுக் காதில் விழும்போது ராக்கெட்டின் முதல் அடுக்கே காலியாகப்போகும் கட்டத்தில் இருக்கும்.

கரையில் நிற்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. வெளிச்சம் தெரியும், புகை தெரியும், சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

ராக்கெட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வாழும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். தெற்கு முனை மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் நீளமான மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம் என்று வரிசையாக இருக்கும் மீனவக் கிராமங்களுக்கு அந்தத் தீவு பக்கத்து வீடு மாதிரி. 1960-களின் கடைசியில் ஏவுதளத்துக்காக அந்த இடம் தேர்வானபோது, தீவிலிருந்த குடும்பங்கள் ஊரைக் காலி செய்ய வேண்டியிருந்தது. 1971 அக்டோபர் 9-ம் தேதி அங்கிருந்து ரோகிணி-125 என்ற சின்ன ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கரை ராக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சென்னைவாசிக்கு ராக்கெட் நாள் என்றால் மொட்டைமாடியும் பைனாகுலரும். பழவேற்காட்டில் அதே நாளுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஏவுதளத்தை ஒட்டிய கடல் பகுதிக்குள் போகவேண்டாம் என்று மீனவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். கடலுக்குப் போகாத நாளில் வருமானம் இல்லை. ஏன் போகக்கூடாது என்றால் ‘பாதுகாப்புக்காக’ என்று ஒரே வார்த்தையில் பதில் முடிந்துவிடும். எது, எப்போது, எதனால் விழும் என்பதைக் கையில் வைத்துக் காட்டுகிற மாதிரி ஏதாவது இருந்தால் அந்தப் பதில் இன்னும் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் இல்லையா? அதற்கு ஒரு பொம்மை உதவும். உள்ளே இருப்பது அப்படியே தெரியும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மாடல். ‘டிரான்ஸ்பரன்ட் கிட்’ என்று தேடினால் ஆன்லைனில் வருமே, அந்த ரகம்.

இறால் காட்டும் வித்தை

கண்ணாடி உடம்பு என்பது ஏரிக்கரைப் பிள்ளைகளுக்குப் புதிதே இல்லை. உயிரோடு இருக்கும் சின்ன இறாலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் முதுகோடு ஓடும் கறுப்பு நூல் தெரியும். நம் வீட்டில் இறால் சுத்தம் செய்யும்போது இழுத்துப் போடுவோமே, அதே நூல்தான். அது இறாலின் குடல். அறுக்காமலே உள்ளே இருப்பதை இறால் காட்டிவிடுகிறது. மனிதனை அப்படிக் காட்ட முடியுமா என்று யோசித்தவர்கள் ஜெர்மானியர்கள்.

1930-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சுகாதார அருங்காட்சியகத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது, அங்கே கைகளை உயர்த்தியபடி நின்றது ஓர் ஆளுயரக் கண்ணாடி மனிதன். செய்தவர் ஃப்ரான்ஸ் சக்கர்ட். பெயரில்தான் கண்ணாடி. உண்மையில் அந்தத் தோல் செலான் என்ற அந்தக் காலத்து பிளாஸ்டிக். உள்ளே எலும்பு, ரத்தக்குழாய், நரம்பு, உறுப்புகள் எல்லாம் தெரியும். ஒவ்வோர் உறுப்பாக விளக்கு எரிய, அதைப் பற்றிக் குரல் விளக்கம் சொல்லும். டாக்டர்கள் மட்டும் பார்த்த உடம்பின் உள்பக்கத்தைச் சாதாரண ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

அதை வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ரென்வால் நிறுவனம். 1950-களின் இறுதியில் ‘விசிபிள் மேன்’ என்ற கிட்டை விற்பனைக்கு விட்டது. சுமார் ஒன்றேகால் அடி உயரம். எலும்புக்கூடு, இதயம், நுரையீரல், குடல் என்று தனித்தனி பாகங்கள். பிள்ளைகளே பெயின்ட் அடித்து, ஒட்டி, மேலே கண்ணாடித் தோலைப் போர்த்த வேண்டும். வடிவமைத்தவர் மார்செல் ஜோவின். இத்தாலிக்காரர். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு, போர்க் கைதியாக அமெரிக்காவுக்கு வந்து, அங்கேயே சிற்பியாகவும் பொம்மை வடிவமைப்பாளராகவும் ஆனவர். ஆணுக்குப் பிறகு ‘விசிபிள் வுமன்’ வந்தது, நாய் வந்தது, குதிரை வந்தது. அச்சுகள் பின்னாளில் ரெவெல் நிறுவனத்தின் கைக்குப் போயின.

ரென்வால் செய்ததிலேயே என்னைக் கேட்டால் பெரிய சாதனை ‘விசிபிள் வி8’. நிஜ கார் இன்ஜினில் நான்கில் ஒரு பங்கு அளவு. இன்ஜின் உடல் முழுக்கக் கண்ணாடி. பேட்டரி மோட்டாரைப் போட்டால் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும். ஸ்பார்க் பிளக் இருக்கும் இடத்தில் குட்டி பல்புகள் மினுக்கும். இன்ஜினைப் படத்தில் பார்த்துப் புரியாத ஒரு பிள்ளைக்கு, அதைத் தானே பூட்டி ஓட்டிப் பார்த்தபின் புரியாமல் போக வாய்ப்பு குறைவு.

கண்ணாடி மோகம் நிஜ காரையும் விடவில்லை. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக ஜெனரல் மோட்டார்ஸ், பிளெக்ஸிகிளாஸ் உடம்போடு ஒரு முழு போன்டியாக் காரையே செய்து நிறுத்தியது. ‘பேய் கார்’ என்று பெயர் வாங்கிய அந்த வண்டி 2011-ல் 3,08,000 டாலருக்கு ஏலம் போனது. மாடல் உலகத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் ‘ஃபுல் வியூ’ என்ற பெயரில் கண்ணாடி உடம்பு கார்களை விற்றிருக்கிறது. இன்ஜினையும் சேஸிஸையும் கஷ்டப்பட்டுப் பூட்டிவிட்டு, கடைசியில் பாடியைப் போட்டு மூடும்போது வயிறு எரியுமே, அந்த எரிச்சலுக்கு மருந்து இது. சுறா, தவளை என்று விலங்குகளின் உள்ளுறுப்பு தெரியும் கிட்டுகளை 4டி விஷன் செய்கிறது. கடலோரத்துப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு தேடுபவர்கள் அந்தச் சுறாவை யோசிக்கலாம்.

கடலோரத்தில் கண்ணாடி பிளாஸ்டிக் என்றதும் முதலில் ஞாபகம் வருவது தங்கூசி வலை. தண்ணீரில் மீனின் கண்ணுக்குப் படாமல் இருப்பதுதான் அதன் வேலை. மாடலில் அதே கண்ணாடித் தன்மைக்கு நேரெதிர் வேலை, தன்னை மறைத்துக்கொண்டு பின்னால் இருப்பதைக் காட்ட வேண்டும்.

44 மீட்டரை 44 சென்டிமீட்டர் ஆக்கினால்…

பி.எஸ்.எல்.வி-க்கு வருவோம். அலமாரியில் வைக்கக் கிடைக்கும் ராக்கெட் மாடல்கள் பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்கானவை. கொடி, எழுத்து எல்லாம் அழகாக இருக்கும், உள்ளே காலி. அதனால் இதை நாமே செய்வோம். நூறில் ஒரு பங்கு அளவு என்று வைத்துக்கொண்டால் கணக்கு போடவே தேவையில்லை. மீட்டரைச் சென்டிமீட்டர் என்று படித்தால் முடிந்தது. 44 மீட்டர் ராக்கெட், 44 செ.மீ. மாடல்.

முதல் அடுக்கு 20 செ.மீ. உயரம், 2.8 செ.மீ. குறுக்களவு. நிஜத்தில் இதற்குள் 138 டன் திட எரிபொருள் இருக்கிறது. திட எரிபொருள் என்றதும் பலரும் பட்டாசு மருந்து மாதிரி தூளாகக் கொட்டி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், ரப்பர் மாதிரியான ஒரு பிணைப்புப் பொருள் மூன்றையும் பிசைந்து, கூழாக ஊற்றி இறுக வைப்பார்கள். கடைசியில் பென்சில் அழிக்கும் ரப்பர்போல இருக்கும். நடுவில் நீளவாக்கில் குழி விட்டிருப்பார்கள். தீ அந்தக் குழியிலிருந்து வெளிப்பக்கமாகத் தின்றுகொண்டே போகும். வெளியே இருப்பது மாரேஜிங் ஸ்டீல் என்ற உறுதியான இரும்புக் கலவை. ஐந்து துண்டுகளாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டுவது. மாடலில் பழுப்பு நிறச் சார்ட் பேப்பரைத் தடிமனாகச் சுருட்டி, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளை விட்டு உள்ளே வைத்தால் இந்த அடுக்கு ரெடி.

சுற்றிலும் ஆறு பூஸ்டர்கள். ஒவ்வொன்றும் 1 செ.மீ. குறுக்களவு, 12 செ.மீ-க்குச் சற்றுக் கூடுதலான நீளம். நிஜத்தில் ஒவ்வொன்றிலும் 12 டன் எரிபொருள். இந்த ஆறு குழாய்களில் ஒன்றை நிஜமாகவே தொட்டுப் பார்த்த மீனவர்கள் இருக்கிறார்கள். 2019 டிசம்பர் தொடக்கத்தில் புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் மீனவர்கள் வலையில் ஏதோ கனமாகச் சிக்கியிருக்கிறது என்று இழுத்துப் பார்த்தால், 13 மீட்டர் நீளத்துக்கு ஓர் உலோகக் குழாய்! மேலே பி.எஸ்.ஓ.எம். எக்ஸ்.எல். என்று எழுதியிருந்தது. பி.எஸ்.எல்.வி-யின் பக்கவாட்டு பூஸ்டர். பல படகுகள் சேர்ந்து கரைக்கு இழுத்து வந்தன. எரிந்து முடித்த வெற்றுக் கூடுதான். ஆனாலும் அத்தனை பெரிய இரும்பு வானத்திலிருந்து விழுகிறது, விழுந்த பிறகும் கடலுக்குள் கிடந்து வலையை இழுக்கிறது என்பதை அந்தப் படம் சொன்ன அளவுக்கு எந்த அறிவிப்பும் சொல்லவில்லை.

அதனால் மாடலில் இந்த ஆறையும் ஒட்டிவிடாதீர்கள். சின்ன வெல்க்ரோ துண்டு போட்டு, பிய்த்து எடுக்கும்படி வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இரண்டாவது அடுக்கு 12.8 செ.மீ. இங்கே திரவ எரிபொருள், 40 டன்னுக்கு மேல். விகாஸ் இன்ஜின். எரிபொருள் ஒரு தொட்டியில், அதை எரியவைக்கும் நைட்ரஜன் டெட்ராக்ஸைடு இன்னொரு தொட்டியில். இரண்டும் சந்தித்தாலே பற்றிக்கொள்ளும், தீப்பொறிகூட வேண்டாம். அப்படிப்பட்ட இரண்டையும் பிரித்து வைத்திருப்பது ஒரே ஒரு பொதுத் தடுப்புச் சுவர்! கண்ணாடி மாடலில் பிள்ளைகள் வாயைப் பிளக்கப்போகும் இடம் இதுதான். இரண்டு நிற ஜிலேட்டின் பேப்பரைச் சுருட்டி மேலும் கீழும் வைத்து, நடுவில் ஓர் அட்டை வட்டம் வையுங்கள். நிஜத் தண்ணீரைக் கலர் கலந்து ஊற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம், ஒழுகும்.

மூன்றாவது அடுக்கு 3.6 செ.மீ. உயரம், 2 செ.மீ. குறுக்களவு. 7.6 டன் திட எரிபொருள். கரையிலிருந்து பார்க்கிறவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இது வேலை செய்யத் தொடங்கும்போது ராக்கெட் கண்ணுக்கே எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். 2025 மே 18-ம் தேதி காலை 5.59-க்குக் கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-61, இந்தக் குட்டி அடுக்கில்தான் தோற்றது. முதல் இரண்டு அடுக்குகளும் எதிர்பார்த்தபடி வேலை செய்தன. மூன்றாவது அடுக்கில் மோட்டார் கூட்டுக்குள் அழுத்தம் குறைந்துவிட்டது என்று இஸ்ரோ தலைவர் வி.நாராயணன் அறிவித்தார். இ.ஓ.எஸ்-09 செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போகவில்லை.

‘மோட்டார் கூடு’ என்றால் என்ன? அன்று செய்தியைப் படித்த எத்தனை பேருக்கு அது புரிந்திருக்கும் என்று தெரியவில்லை. பழவேற்காட்டுக்காரருக்கு விளக்குவது சுலபம். கரையில் நிற்கும் ஃபைபர் படகைக் காட்டினால் போதும். கண்ணாடி இழையை விரித்து ரெசின் பூசி இறுக வைத்தால் படகு. கெவ்லார் இழையைச் சுற்றிச் சுற்றி எபாக்ஸி ரெசினில் இறுக வைத்தால் மூன்றாவது அடுக்கின் கூடு. முதல் அடுக்கைப்போல இரும்பில் செய்தால் மேலே தூக்கிப்போக வேண்டிய எடை கூடும். ராக்கெட் உச்சிக்குப் போகப்போக ஒவ்வொரு கிலோவும் கணக்கு. கட்டுமரத்திலிருந்து ஃபைபருக்கு மாறிய ஊர்களுக்கு எடைக் கணக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

நான்காவது அடுக்கு குட்டி. இரண்டு இன்ஜின்கள், இரண்டரை டன் திரவ எரிபொருள். செயற்கைக்கோளை உரிய வேகத்தில் உரிய இடத்தில் விடும் நுணுக்கமான வேலை இதனுடையது. அதற்கும் மேலே வெப்பக் கவசம், 8.3 செ.மீ. நீளம், 3.2 செ.மீ. குறுக்களவு. இதற்குள்தான் செயற்கைக்கோள்.

எல்லாவற்றையும் பூட்டி நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். 320 டன் ராக்கெட்டில் 260 டன்னுக்கு மேல் வெறும் எரிபொருள். 2013-ல் இதே ரக ராக்கெட் சுமந்துபோன மங்கள்யான் எவ்வளவு எடை தெரியுமா? 1,337 கிலோ. பழுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று கழுத்து வரை எரிபொருளாக நிரம்பி நிற்கும் மாடலின் உச்சியில் செவ்வாய்க்குப் போன சரக்கு ஒரு கடுகு மாதிரி உட்கார்ந்திருக்கும். புத்தகத்தில் இருக்கும் எண்களில் எனக்கு இது உறைத்ததே இல்லை.

ஒட்டும் முன் கவனிக்க…

உடம்புக்கு ஓ.எச்.பி. ஷீட் போதும். ஸ்பைரல் பைண்டிங் செய்யும்போது மேலே போடுவார்களே, அந்த கண்ணாடி ஷீட்டும் ஆகும். ஜெராக்ஸ் கடையில் கேட்டால் கிடைக்கும். 2.8 செ.மீ. குழாய்க்குச் சுற்றளவு 8.8 செ.மீ. ஒட்டுவதற்கு அரை செ.மீ. கூட்டி வெட்டுங்கள். ஷீட் உருண்டையாக நிற்பதற்கு உள்ளே அட்டை வட்டங்கள் தேவை. நிஜ ராக்கெட்டில் அடுக்கும் அடுக்கும் சேரும் இடத்தில் அவற்றை வைத்தால் வேலைக்கு வேலை, பாடத்துக்குப் பாடம். கவசத்தின் மூக்குக்கு ஷீட்டைக் கூம்பாகச் சுருட்டினால் போதும். கட்டர் பிளேடு பிடிக்கிற வேலை மட்டும் பெரியவர்களுடையது.

கண்ணாடி மாடலில் எல்லோரும் சொதப்புகிற இடம் பசை. ஃபெவிக்விக் ரகத்து உடனடிப் பசையை எடுத்தீர்களோ, போச்சு. அரை மணி நேரத்தில் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகை படர்ந்ததுபோல ஆகிவிடும். பசையிலிருந்து கிளம்பும் ஆவி, காற்றிலும் பரப்பிலும் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிவதுதான் காரணம். போலீஸ் தடயவியல் நிபுணர்கள் இதே ஆவியை வைத்துத்தான் கைரேகையைக் கண்ணுக்குத் தெரிய வைக்கிறார்கள். உப்புக்காற்றும் ஈரப்பதமும் நிறைந்த ஏரிக்கரையில் இது இன்னும் தாராளமாகவே நடக்கும். ஓ.எச்.பி. ஷீட்டுக்கு மெல்லிய கண்ணாடி நிற டபுள் சைடு டேப்தான் சரி. தையல் ராக்கெட்டின் பின்பக்கம் வரும்படி ஒரே நேர்கோட்டில் வைத்துவிட்டால் கண்ணை உறுத்தாது.

கடையில் வாங்கிய கிட் என்றால் கதை வேறு. அவற்றின் கண்ணாடி பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். பழைய சி.டி. பெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதே சாதிதான். பளிச்சென்று இருக்கும், பட்டென்று உடையும். சட்டத்திலிருந்து பாகத்தைக் கையால் திருகி எடுத்தால் விரிசல் உள்ளேவரை ஓடும், சாதாரண மாடலில் அதைப் பெயின்ட் மறைத்துவிடும், இதில் மறைக்க வழியில்லை. நிப்பரால் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைத் தேய்த்து எடுப்பதே நல்லது. லேசான கீறலுக்கு வெள்ளை டூத்பேஸ்ட்டை மென்மையான துணியில் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் பெருமளவு போகும். ஜன்னல் மாதிரி சின்ன பாகங்களை ஒட்ட வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்தால் கண்ணாடியாகிவிடும். ஆவியும் வராது.

இன்னொன்று. உள்ளே வைப்பதை முழுக்க முடித்த பிறகே வெளித்தோலை மூடவேண்டும். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் உள்பக்கம் கைரேகை விழுந்து அப்படியே இருந்துவிடும். மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு நேராக வந்து உட்காரும் கட்சிக்காரர்கள் கவனிக்கவும்!

70… 92…

வெல்க்ரோ எதற்கென்று இப்போது சொல்கிறேன். அடுத்த பி.எஸ்.எல்.வி. எப்போது என்று இஸ்ரோ அறிவிக்கும்போது, பூஸ்டர் உண்டா, எத்தனை என்பதும் தெரிந்துவிடும். ஏனென்றால் பூஸ்டரே இல்லாமல் போகும் பி.எஸ்.எல்.வி-யும் உண்டு. அன்று மாடலோடு கரைக்குப் போங்கள். வெளிச்சம் தெரிந்த நொடியில் ஒரு பிள்ளை செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டட்டும். இன்னொரு பிள்ளை கையில் மாடல். 70 வந்ததும் நான்கு பூஸ்டர்களைப் பிய்த்துக் கீழே போட வேண்டும். 92-ல் மிச்சம் இரண்டு. நூறைத் தாண்டியதும் உறுமல் வரும். வந்த சில விநாடிகளில் முதல் அடுக்கையும் கழற்றிவிடலாம். நிஜ ராக்கெட் அங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கும். பிள்ளைகளின் காலடி மணலில் கிடக்கும் அந்தக் குழாய்கள் நிஜத்தில் விழும் இடம் வங்கக் கடல். அப்பாவின் படகு ஏன் அன்று கரையில் நிற்கிறது என்ற கேள்விக்கான பதில் அதில் இருக்கிறது. அந்த ஒருநாள் வருமானத்துக்கு என்ன பதில் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அதை மாடலால் தீர்க்க முடியாது. ஆனால், விழுவது என்ன, எவ்வளவு பெரிது என்று தெரிந்த ஊர் கேட்கும் கேள்வி இன்னும் துல்லியமாக இருக்கும்.

வெளியூரிலிருந்து ராக்கெட் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையில் நின்று பார்த்தாலே நன்றாகத் தெரியும். ‘ஏரிக்குள் போய்ப் பார்க்கலாம்’ என்று படகு தேடாதீர்கள். 2011 டிசம்பர் 25-ல் இங்கே சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். இன்னும் கிட்டத்தில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு, 2019-ல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட ஸ்ரீஹரிகோட்டா பார்வையாளர் மாடம் இருக்கிறது. ஆன்லைனில் முன்பதிவு செய்து சூளூர்ப்பேட்டை வழியாகப் போக வேண்டும்.

பழவேற்காட்டின் இந்த அனுபவம் சீக்கிரமே தென்கோடிக்கும் வரப்போகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கையின் மேலே பறக்காமலிருக்க வளைந்து போக வேண்டியிருக்கிறது. அந்த வளைவுக்கே எரிபொருள் செலவாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே கடலுக்கு மேல் போய்விடலாம். சிறிய ராக்கெட்டுக்கு இந்த மிச்சம் பெரிய விஷயம். அங்கிருந்து கிளம்பப்போவது எஸ்.எஸ்.எல்.வி. அந்தப் பக்கமும் மணப்பாடு, ஆலந்தலை, பெரியதாழை என்று கடலையே நம்பியிருக்கும் ஊர்கள். அங்கே முதல் அறிவிப்பு வருவதற்குள் பள்ளிக்கூடத்து மேஜைகளில் மாடல் வந்துவிட்டால் நல்லது.

எஸ்.எஸ்.எல்.வி. செய்வது இன்னும் சுலபம். உயரம் 34 செ.மீ., குறுக்களவு 2 செ.மீ. மூன்று அடுக்கும் திட எரிபொருள்தான், அதனால் உள்ளே பழுப்புச் சார்ட் பேப்பர் ஒன்றே போதும். உச்சியில் மட்டும் திரவ எரிபொருளில் இயங்கும் குட்டிப் பகுதி ஒன்று உண்டு, அதற்கு ஜிலேட்டின் பேப்பரில் ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூஸ்டர் கிடையாது, வெல்க்ரோவும் தேவையில்லை.